கடைக்கு வழி தெரியும், கூட்டத்துக்கு?

டாஸ்மாக் கடை எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடத்தைக் கேட்டால் ஊரே விழிக்கிறது.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் கூட்டங்கள் தமிழகத்திலும் நடக்கின்றன. ஒரு பள்ளி அறையோ தேவாலயக் கூடமோ போதும். கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தன் பெயரை மட்டும் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று பேசத் தொடங்குகிறார். வீடு வந்து சேராத சம்பளம், அடகுக் கடைக்குப் போன தாலி எல்லாம் வெளிவருகின்றன. யாரும் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதுமில்லை. புத்திமதியைத்தான் அவர் வீட்டில் கேட்டுச் சலித்திருக்கிறாரே!

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ கூட்டங்கள் தனியே உண்டு. கணவர் மறுத்தாலும் மனைவி போகலாம்.

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. பாட்டிலில் எச்சரிக்கை அச்சிட்டதோடு கடமை முடிந்துவிடாது. அருகில் நடக்கும் கூட்டத்தின் இடம், கிழமை, நேரம் எழுதிய பலகையை ஒவ்வொரு கடை வாசலிலும், அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவிலும் அரசு உடனே வைக்க வேண்டும்.