பழைய மோட்டாரை எடைக்குப் போடாதே



ரிமோட் கார் ஓட்டும் நம் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருக்கிறான்: "சார், பெட்டியில் கிடக்கும் பழைய 540 மோட்டார்களை எடைக்குப் போட்டுவிட்டு, புதிதாக வாங்கிவிடவா?"

வேண்டாம் தம்பி.

வேகத்துக்காகச் சொல்லவில்லை. பழசுக்குத்தான் இழுவை அதிகம் என்பதெல்லாம் வெறும் பாசம்! காந்தம்கூடக் கொஞ்சம் சோர்ந்திருக்கலாம். இப்போது மலிவாகக் கிடைக்கும் மூடிய டப்பா மோட்டார் நன்றாகவே ஓடும். ஆனால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டால் மொத்தமும் குப்பைதான். அந்த வகை அன்றும் உண்டு. உன்னிடம் இருப்பவையோ ரேஸுக்கென்று வந்தவை. ஸ்பிரிங்கைத் தூக்கினால் பிரஷ் கையில் வரும், இரண்டு திருகைக் கழற்றினால் மூடி வரும். தேய்ந்த கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்து மறுபடி ஓட்டலாம். பத்தாம் வகுப்பில் பிளவு வளையம் என்று இரண்டு அரை வட்டம் வரைந்தீர்களே, அதேதான். இதில் மூன்று துண்டு இருக்கும். ஏன் மூன்று என்று உன் மகளிடம் கேள். எந்த நிலையில் நின்றாலும் மோட்டார் தானாகக் கிளம்ப வேண்டுமே!

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரி 7.2 வோல்ட். இன்றைய இரண்டு செல் லித்தியம் பாலிமர் முழு சார்ஜில் 8.4 வோல்ட். பினியனை ஒரு பல் சிறிதாகப் போடு. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார். விரல் வைக்க முடியாத சூடு என்றால் இன்னும் ஒரு பல் குறை.