நறுமணம் அருகிலிருப்பவரின் உரிமை

ஊதும் குந்திரிக்கமும் கலந்த புகைமண அத்தர் ஒன்றைச் சில மாதங்களாகப் பூசி வருகிறேன். மல்லிகை, ரோஜா அத்தர்களைப் போல அது உடனே மனத்தைக் கவர்வதில்லை. பூசியவுடன் கசப்பும் காரமுமாகப் புகை எழுவது போலிருக்கும். அரை மணி நேரத்தில் அந்தக் கடுமை அடங்கி, பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போல ஓர் இனிமை வெளிப்படும். மறுநாளும் சட்டையின் கழுத்துப் பட்டியில் அது தங்கியிருக்கிறது.

இம்மணம் நமக்குப் புதியதன்று. ஊது என்பது நாம் அறிந்த அகிலே. அம்மரத்தில் பூஞ்சை தொற்றும்போது தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசினே கட்டையில் ஊறி மணம் பெறுகிறது. குந்திரிக்கம் எனும் லுபான், ஓமானிலும் ஏமனிலும் சோமாலியாவிலும் மரப்பட்டையைக் கீறி எடுக்கப்படுவது. நம் வீடுகளில் புகைக்கும் சாம்பிராணி வேறொரு மரத்தின் பிசின். சுமத்திராப் பகுதியிலிருந்து வந்த அதனை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்று அழைத்தனர்.

நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை நேசித்தார்கள். யாரேனும் அதனை அன்பளிப்பாகத் தந்தால் மறுக்கமாட்டார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் கலப்பில்லாத அகிலையும், சில வேளைகளில் அதனுடன் கற்பூரத்தையும் இட்டுப் புகைத்து, நபியவர்கள் இவ்வாறே செய்தார்கள் எனக் கூறியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. ஜும்ஆவுக்குக் குளித்து, மணம் பூசிச் செல்வதும் சுன்னத். ஆகவே பூசலாமா என்பது கேள்வியன்று. எவ்வளவு பூசுவது என்பதே கேள்வி.

நம் மூக்கு எந்த மணத்துக்கும் சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. பூசியவருக்கு மணம் போய்விட்டதாகத் தோன்றும்போது அருகிலிருப்பவருக்கு அது முழு வேகத்தில் வீசிக்கொண்டிருக்கும். பூசியவரே அதன் அளவைத் தீர்மானித்தால் மேலும் மேலும் பூசத்தான் தோன்றும்.

பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்று நபியவர்கள் தடுத்ததை நாம் அறிவோம். மனிதர்களுக்குத் தொல்லை தருபவை மலக்குகளுக்கும் தொல்லை தருகின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். "அது துர்நாற்றம், இது நறுமணமாயிற்றே" என்று கேட்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் கடுமையான மணம் எதுவாயினும் தொல்லையே. ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர் தொழுகையின் நடுவே விலகிச் செல்லவும் முடியாது. காற்றோட்டமான பழைய பள்ளிகளில் மணம் வெளியேறிவிடும். குளிர்சாதனத்துக்காகக் கதவடைத்த இன்றைய பள்ளிகளில் அங்கேயே தேங்கி நிற்கிறது. நம்மால் ஒருவர் இருமி இருமித் தொழுதால், நாம் பேணிய சுன்னத் அவருடைய உள்ளச்சத்தைக் குலைத்துவிடுகிறது.

வீட்டிலும் இதே அளவுகோல்தான். குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் அன்பினால் வந்தது. ஆயினும் அந்தச் சின்னஞ்சிறு நுரையீரல் புகையைத் தாங்காது. தோலாவின் விலையைச் சொல்லிக்கொண்டே பிறர் கையில் அத்தர் தடவுவதும் வேண்டாம். அங்கே மணத்தை முந்திக்கொண்டு பெருமை வீசுகிறது.

புகைமண அத்தருக்கு ஒரு தொடுகை போதும். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே பூசிவிட்டால் அதன் கடுமை வீட்டிலேயே அடங்கிவிடும். அளவு சரிதானா என்பதை மனைவியிடமோ பிள்ளைகளிடமோ கேட்டறியலாம். அருகில் தொழுபவருக்கு ஒவ்வாது என்று தெரிந்தால் அன்று பூசாமல் செல்வதே நன்று.

ஒருநாள் நம் உடலைப் பிறர் குளிப்பாட்டி, கற்பூரமும் அத்தரும் இட்டுக் கஃபனிடுவார்கள். அந்த மணத்தை நாம் நுகரப்போவதில்லை. சூழ நிற்பவர்களே நுகர்வார்கள். இன்று பூசும் அத்தரையும் அவர்களை எண்ணியே பூசுவோம். நம் அருகில் நிற்பவர் நிம்மதி பெறும் வண்ணம் வாழும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!