இரைச்சல் என்போருக்கு

ஜாஸ் கலைஞர்கள் கட்டின்றிக் கற்பனையாக வாசிப்பதை வெறும் இரைச்சல் என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். நான் உடன்படேன்.

1959 நவம்பரில் நியூயோர்க்கின் ஃபைவ் ஸ்பொட் விடுதியில் ஓர்னெட் கோல்மனின் நால்வர் குழு வாசித்தபோதும் இதே ஏளனம் எழுந்தது. சுரக்கூட்டுகளை வரையறுத்துக் கொடுக்கும் பியானோ அக்குழுவில் இல்லை. எழுதிய மெட்டு முடிந்ததும் கோல்மனின் சக்ஸபோன் திரும்பும் திசையை, சார்லி ஹேடனின் பாஸ் அக்கணமே செவியால் அறிந்து தொடரவேண்டும். அடுத்தவரைக் கேளாதவர் அங்கு ஒரு நிமிடமும் தாக்குப்பிடிக்க முடியாது. இதையா ஒழுங்கின்மை என்கிறீர்கள்?

அதே கோல்மனுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது 2007இல். கேட்டு முடிக்குமுன் தீர்ப்பெழுதுவது எமது பத்திரிகைத் தொழிலின் நோய். நானும் அதற்கு விலக்கல்லன். இனியாவது முழுவதும் கேட்டபின் எழுதுவோம்.