லே போனதும் முதல் வேலை, படுக்கணும்!

"புரட்டாசியில லடாக் போறோம். பேரன் பனிச்சிறுத்தை வேட்டைக்குக் கிளம்பிட்டான்!"

மந்தைவெளியில் எங்கள் எதிர் ஃபிளாட் மாமா லிஃப்டில் வைத்து அறிவித்தார். மாமாவுக்கு வயது 68, பி.பி. மாத்திரை உண்டு. பேரனுக்கு 12. வேட்டை என்றால் கேமரா வேட்டைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்று லடாக்குக்கும் பொருந்தும். துப்பாக்கி வேட்டையெல்லாம் மலையேறிப்போன கதை.

மாமா செல்போனில் திட்டத்தைக் காட்டினார். முதல் நாள் டெல்லி வழியாக லே. மறுநாள் கர்துங் லா கணவாய். மூன்றாம் நாள் பாங்காங் ஏரிக்கரையில் டென்ட். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால், உடம்பு என்று ஒன்று இருக்கிறதே!

கொஞ்சம் கணக்குப் போடலாம். நாம் இருப்பது கடல் மட்டத்தில். சாந்தோம் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். லே 3,500 மீட்டர். பாங்காங் 4,250. கர்துங் லா 5,300-ஐத் தாண்டும். லேயில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடுகிறார்கள். உடம்பு பழகுவதற்கு அவகாசமே இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவ அதிகாரிகள் மாதக்கணக்கில் லீவு போட்டுவிட்டு லடாக்குக்கு வேட்டைக்குப் போவார்கள். அதற்கென்றே ஏ.ஈ. வார்டு என்பவர் வழிகாட்டிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அவர்கள் ஸ்ரீநகரிலிருந்து நடந்தும் குதிரையிலும் வாரக்கணக்கில் பயணம் செய்துதான் லே போய்ச் சேர்ந்தார்கள். வழியிலேயே உடம்பு பழகிவிடும். நாம் விமானத்தில் மிச்சம் பிடிக்கும் அந்த நாட்களில் இரண்டையாவது லேயில் ஓய்வாகத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும்.

"அப்போ ரெண்டு நாள் சும்மா படுத்திருக்கணுமா?" என்றார் மாமா.

"வீட்ல பண்றதைத்தானே அங்கேயும் பண்ணப்போறேள்!" என்றார் மாமி.

சரி, திட்டத்தை எப்படி மாற்றலாம்? முதல் இரண்டு நாள் லேயில் முழு ஓய்வு. தண்ணீர், சூப், கஞ்சி என்று குடித்துக்கொண்டே இருங்கள். மாடிப்படி ஏறி இறங்காதீர்கள். மது, தூக்க மாத்திரை கூடவே கூடாது. மூன்றாம் நாள் சிந்து நதியோரமாக ஆல்ச்சிக்கு இறங்குங்கள். சுமார் 3,100 மீட்டர்தான், மூச்சு லேசாகும். நூற்றாண்டுகள் பழைய சுவரோவியங்கள் உள்ள புத்த மடாலயமும் அங்கே இருக்கிறது. பிறகு நூப்ரா பள்ளத்தாக்கு. அங்குள்ள திஸ்கித்தும் லேயைவிடத் தாழ்வான ஊர்தான். ஆனால் வழியில் கர்துங் லாவைக் கடக்கவேண்டும். அங்கே போட்டோ எடுத்த கையோடு இறங்கிவிடுங்கள். பாங்காங்கைக் கடைசியில் வையுங்கள். எல்லோரும் தெம்பாக இருந்தால் மட்டும் போகலாம்.

பேரனின் பனிச்சிறுத்தை? 2024-ல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள். அவற்றில் 477 லடாக்கில். இருந்தாலும், அவை கீழே இறங்கி வருவது கடும் குளிர்காலத்தில். ஜனவரி முதல் மார்ச் வரைதான் பார்க்க நல்ல வாய்ப்பு. இதைக் குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புரட்டாசியில் பாரல் என்னும் நீல ஆடு, நதியோரச் சரிவுகளில் ஷாபு என்னும் காட்டுச் செம்மறி ஆகியவற்றைத் தேடலாம். அந்தக் கால வேட்டைக்காரர்கள் துரத்திய அதே மிருகங்கள்தான். நல்ல பைனாகுலரும், ஒரே சரிவை ஒரு மணி நேரம் அசையாமல் பார்க்கும் பொறுமையும் வேண்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட இருந்தால், நாம் பாறை என்று நினைத்தது எழுந்து நடப்பதைக் காட்டுவார்.

முடிந்தால் ஓரிரவு கிராமத்து ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். மந்தையை ஓநாயிடமிருந்து காப்பாற்ற அங்கே ஒரு காலத்தில் 'ஷாங்டாங்' என்ற கற்பொறி கட்டினார்கள். உள்ளே ஆட்டை விட்டு வைப்பார்கள். குதித்த ஓநாயால் ஏறி வர முடியாது. இன்று சூஷுல் கிராமத்து மக்கள் பொறியின் சுவரைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்தூபியும் கட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே மந்தையை வைத்திருக்கும் நாம் கேட்டுவரவேண்டிய கதை.

சில குறிப்புகள். காலாண்டு விடுமுறையை ஒட்டிப் போனால் வில்லோவும் பாப்லரும் மஞ்சளாகும் அழகைப் பார்க்கலாம். அக்டோபரில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மூன்று அடுக்கு உடை நல்லது. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது; ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். தினசரி மாத்திரைகள் கைப்பையில் இருக்கவேண்டும். பி.பி., சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். உயர நோய்க்கு அசெட்டசோலமைடு மாத்திரை உண்டு. ஆனால் சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் அதை டாக்டரிடம் சொல்லவேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று. தலைவலி, குமட்டல், பசியின்மை இருந்தால் அதற்குமேல் உயரம் ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயைத் திறப்பார்களா? "எனக்கு ஒண்ணுமில்லே, என்னால நீங்க நிக்க வேண்டாம்" என்பார்கள். குழந்தைகளின் சந்தோஷம் கெடக்கூடாது என்று வலியை விழுங்கிக்கொள்வார்கள். உயரத்தில் அந்தத் தியாகம் உயிருக்கே ஆபத்து.

அதனால் பெட்டி கட்டுவதற்கு முன்பு எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள்: ஒருவருக்குத் தலை வலித்தால் எல்லோரும் நிற்போம். தினமும் காலையில், "தூங்கினீங்களா, சாப்பிட முடியுதா?" என்று தாத்தா, பாட்டியைக் கேட்கும் பொறுப்பைப் பேரக் குழந்தைகளிடம் கொடுங்கள். பிள்ளையிடம் மறைப்பவர்கள்கூட பேரனிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.