புகை போட்டால் தீட்டுப் போய்விடுமா?

மாட்டுக்கறி தின்கிறவன் என்று என்னை ஏசியவர்கள் பலர். மாட்டுக்கறியை எப்படிச் சமைக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பு எடுத்தவர் ஒருவர்தான். அவரைப் பற்றியும் அவருடைய அடுப்பைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க, எல்லாரும்தான் பீஃப் சாப்பிடறாங்க' என்று பேசுகிற தோழர்கள் நம்முடைய கூட்டங்களிலேயே பெருகிவிட்டார்கள்.

2019 ஜூலை 4. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டின் கொல்லைப்புறம். என் தம்பி அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்த என்னை, அவனோடு வேலை செய்கிற ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நம்ம வட ஆற்காட்டுக்காரர்தான். என்ன சாதி என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, கேட்கப்படுகிற வழக்கம்தான் உண்டு.

கொல்லையில் கருப்பு இரும்புப் பீப்பாய் ஒன்று படுத்துக்கிடந்தது. ஸ்மோக்கர் என்றார். ஒரு பக்கம் கட்டை எரிகிற பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி, நடுவில் கறி வைக்கிற கம்பித் தட்டி. நெருப்பு கறியைத் தொடாது. சூடும் புகையும் மட்டும் அதைத் தடவிக்கொண்டு வெளியே போகும். அன்றைக்கு அவர் செய்தது மீட்லோஃப். உள்ளே காரம் அடைத்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். இரண்டு கிலோ மாட்டுக் கொத்துக்கறி. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் மூன்று மணிநேரப் புகையில் கறி சக்கையாகிவிடும். பாலில் ஊறிய ரொட்டித்தூள், முட்டை, பொடியாக அரிந்த வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, சிப்போட்லே. சிப்போட்லே என்பதே ஹலபேன்யோ மிளகாயைப் பழுக்கவிட்டுப் புகையில் காயவைப்பதுதான், மெக்சிக்கோ மக்களின் கைவேலை. எல்லாவற்றையும் போட்டு, அழுத்திப் பிசையாமல், விரலால் கிளறிச் சேர்த்தார். அழுத்தினால் கறி இறுகிப் போகும். மெழுகுத்தாளில் அரை அங்குல கனத்துக்குப் பரப்பி, நடுவில் சுட்டுத் தோலுரித்த மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்து, பாய் சுருட்டுவது போலத் தாளோடு தூக்கிச் சுருட்டினார். கட்டி உருகி வெளியே ஒழுகாதபடி இரண்டு முனையையும் கிள்ளி மூடினார். பாத்திரத்தில் வைக்காமல் தட்டியிலேயே வைத்தார். அப்போதுதான் சுற்றிலும் புகை பிடிக்கும், கொழுப்பும் கீழே சொட்டும்.

ஓக் கட்டை. சூடு 110 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். வெள்ளையாகக் குமுறி வருகிற புகை கசக்குமாம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக வருவதுதான் நல்ல புகை. ஊசி வெப்பமானியைக் குத்தி, நடுக்கறி 71 டிகிரி வந்த பிறகுதான் எடுத்தார். முழுக்கறியில் கிருமி மேலேதான் இருக்கும், கொத்தும்போது அது உள்ளே கலந்துவிடும், அதனால் கொத்துக்கறி நடுவரைக்கும் வேகவேண்டும் என்று விளக்கினார். பத்து நிமிஷம் ஆறவிட்டு அறுத்தார். ஓரத்தில் சிவப்பாக ஒரு வளையம். 'இதுதான் சார் ஸ்மோக் ரிங். இது ஒரு கலை சார்' என்றார்.

எனக்கு அந்த வாசனை புதிதில்லை. எங்கள் வீட்டுக் கூரைக்குள் முப்பது வருஷம் இருந்த வாசனை அது.

ஊரில் மாடு அறுத்தால் அன்றைக்கே தின்று தீர்க்க முடியாது. அடுத்த கறி எப்போது என்றும் தெரியாது. ஆயா கறியை நீளநீளமாக வார்ந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்து வெயிலில் போடும். காக்கா விரட்டுவது எங்கள் வேலை. மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடும். வேலிக்காத்தான் புகை. 'இன்னும் ஈரம் கீதுடா, ரெண்டு நாள் பொறு' என்று கிள்ளிப் பார்த்துச் சொல்லும். எந்த வெப்பமானியும் கிடையாது, விரல்தான். அந்த உப்புக்கண்டத்தை ஐப்பசி அடைமழையில் கூலி இல்லாத நாளில் தணலில் சுட்டு, தட்டி, ஆளுக்கு ஒரு துண்டு. அந்த வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரும். பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காருவான். வாத்தியார் எங்களைக் கடைசி வரிசைக்கு அனுப்புவார். அந்தப் புகைக்கு யாரும் கலை என்று பேர் வைக்கவில்லை. நாத்தம் என்றுதான் பேர்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: 'சாருக்கு ஊர்ல எந்தப் பக்கம்?' ஊர்ப் பேரைச் சொன்னேன். 'ஊருக்குள்ளயா?' சொன்னேன். அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. 'அப்ப உங்களுக்கு இதெல்லாம் பழக்கமாத்தான் இருக்கும்' என்று சிரித்தார். மூன்று மணிநேரம் கலையாக இருந்தது, ஒரு நொடியில் பழக்கமாகிவிட்டது. அவர் தின்றால் திறமை. நான் தின்றால் பிறப்பு.

கிளம்பும்போது என் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாதம் தன் அம்மா வருவதாகவும், கறி விஷயம் அவர்கள் காதுக்குப் போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா வந்தார்கள். ஸ்மோக்கருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அம்மா இருந்த ஆறு மாதமும் என் தம்பிக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. கறியை மறைத்ததோடு சேர்த்து என் தம்பியையும் மறைத்துவிட்டார்கள். இதற்குப் பேர் சாதி இல்லையென்றால் வேறு என்ன பேர் என்று அந்தத் தோழர்கள் எனக்குச் சொல்லட்டும்.

இது நம் ஆட்களோடு விமானம் ஏறிப்போன நோய் மட்டுமல்ல. அந்தப் பீப்பாய்க்கே இப்படி ஒரு சரித்திரம் உண்டு. கறியை மெல்லிய சூட்டில், புகையில் வாட்டுகிற முறை அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. டெக்சாஸில் ஜெர்மானியக் கசாப்புக் கடைக்காரர்களுக்கும் மெக்சிக்கர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அடிமைமுறை இருந்த தென் மாநிலங்களில் குழி வெட்டி, இரவு முழுக்கக் கட்டை எரித்து, தணலை அள்ளிப்போட்டு, கண் எரிய நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பு அடிமைகள். விருந்து எஜமானனுடையது. 1865 ஜூன் 19 அன்று, ஹூஸ்டனுக்குப் பக்கத்து கால்வெஸ்டனில், டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது. அந்த நாளைக் கொண்டாட இடம் வேண்டுமென்று ஹூஸ்டன் கறுப்பு மக்கள் காசு சேர்த்து 1872இல் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விடுதலைப் பூங்கா என்று இன்றும் இருக்கிறது. அந்த விடுதலை நாளின் சாப்பாடே புகையில் வெந்த கறிதான். எஜமானனுக்காகச் சுட்ட கை முதல்முறையாகத் தனக்காகச் சுட்டது.

மீட்லோஃபும் பணக்காரச் சாப்பாடு அல்ல. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், கொஞ்சம் கறியை நிறைய வயிற்றுக்குப் பங்குபோட ரொட்டியைச் சேர்த்துப் பிசைந்தார்கள். கால் கிலோ கறியில் ஒரு கூடை கத்தரிக்காயைப் போட்டுக் குழம்பு வைத்த நம் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரத்தில் இருந்த ஒரு கறிக்கடையைப் பாருங்கள். ஆலீஸ் பார்பிக்யூ என்று பேர். 1927இலிருந்து ஒரே குடும்பம் நடத்தியது. வேலைக்காரர்கள் 36 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். ஆனால் கறுப்பர் யாரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் டீக்கடைதான் தெரிந்தது. பெஞ்சு அவர்களுக்கு, தரை நமக்கு. கண்ணாடி டம்ளர் அவர்களுக்கு, கொட்டாங்கச்சி நமக்கு. காசு மட்டும் ஒரே டப்பாவில் விழும்.

1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. ஆலீஸ் கடைக்காரர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அந்த டிசம்பர் 14இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எந்த நியாயத்தில் தெரியுமா? அந்தக் கடை ஒரு வருஷத்தில் வாங்கிய உணவுப்பொருளில் 46 சதவீதம் வெளிமாநிலத்திலிருந்து வந்த கறி. மாநிலங்களுக்கு இடையேயான வியாபாரத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சட்டம் செல்லும். மனுஷனுக்கு மரியாதை உண்டு என்பதால் அல்ல, கறி மாநில எல்லையைத் தாண்டி வந்ததால் கறுப்பு மனுஷனுக்கு நாற்காலி கிடைத்தது! தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற கறிக்கடைக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். கறுப்பர்களுக்குப் பரிமாறச் சொல்வது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்றார். 1968இல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. சமைக்கிற கை கறுப்பாக இருந்தபோது குறுக்கே வராத சாமி, உட்காருகிற உடம்பு கறுப்பாக இருந்ததும் வந்துவிட்டது.

நம் அரசியல் சட்டம் சுற்றிவளைக்கவில்லை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று 17ஆவது பிரிவில் நேராகவே எழுதியிருக்கிறது. 1955இல் ஒரு சட்டம், 1989இல் இன்னொரு சட்டம். இருந்தும் என்ன நடக்கிறது? 2015இல் தாத்ரிக்கு அருகில் வீட்டில் மாட்டுக்கறி இருக்கிறது என்ற வதந்தியில் ஒரு முஸ்லிமை அடித்தே கொன்றார்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். பெரியார் மண் என்று மார்தட்டுகிறோமே, 2022 மே மாதம் ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூரில் பிரியாணித் திருவிழா, ஆனால் மாட்டுக்கறி பிரியாணி கிடையாது! எதிர்ப்பு வந்ததும், மழை என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஊருக்கு வெளியே தள்ளுவதற்கு இப்போது அரிவாள் வேண்டாம், அழைப்பிதழ் போதும்.

நம் பக்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். உப்புக்கண்டத்தை 'தலித் உணவுப் பண்பாடு' என்று கொண்டாடி எழுதுகிற பழக்கம் நமக்கும் வந்துவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன். ஆயா இருந்திருந்தால் சிரித்திருக்கும். பசிக்குச் செய்த ஏற்பாட்டை நீ பெருமை என்கிறாய், என் கண்ணு புகையில் பூத்துப்போனதை எழுதினாயா என்று கேட்டிருக்கும். 1927இல் மகாடில் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னது ருசியைப் பற்றிய பேச்சு அல்ல. செத்த மாட்டை இழுப்பது உன் தலைவிதி என்று எழுதிவைத்தவனிடமிருந்து விடுபடுகிற பேச்சு. அதே அம்பேத்கர்தான் 1948இல் மாட்டிறைச்சி எப்படித் தீண்டாமையின் வேராக்கப்பட்டது என்று புத்தகமே எழுதினார். தின்பதும் விடுவதும் நம் முடிவாக இருக்கவேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் பொருள். எனவே நம் கறியைப் புகழ்ந்து யாரும் நமக்கு ஒன்றும் தரவேண்டாம். ஸ்மோக்கர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே அந்த மீட்லோஃபை இரண்டாம் முறை கேட்டு வாங்கித்தான் தின்றேன். ருசியாகவே இருந்தது.

நாம் கேட்கவேண்டியது வேறு. தின்கிறவனே, தின்றதை உன் அம்மாவிடம் சொல்வாயா? உன் ஊர்த் தெருவில், உன் பந்தியில், உன் பெயரோடு சொல்வாயா? சொல்லும்போது என் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்வாயா? மறைத்துத் தின்கிற வசதி உனக்கு இருக்கிறது. தின்னாத நாளிலும் எங்கள் மேல் அந்த வாசனையைத் தேடுகிறார்கள். உன் ரகசியத்தைக் காப்பாற்றுவது எங்கள் வேலை இல்லை.

போன பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தான். அவனும் ஒரு ஸ்மோக்கர் வாங்கிவிட்டானாம். அந்த மனுஷனைக் கூப்பிட்டாயா என்று கேட்டேன். 'கூப்பிட்டேன்ணா. வரேன்னாரு, வரல' என்றான். 'அதுக்கு இன்னா செஞ்சே?' என்றேன். 'வந்தவங்களுக்குப் போட்டேன். தார்ப்பாய் மட்டும் வாங்கல' என்றான்.