தேர்வு நாளின் மறுபாதி
கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்



ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வே உரிமம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் 2010 ஆகஸ்ட் 23 அன்று வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும அறிவிக்கை அதைக் கட்டாயமாக்கியது. முதல் ஐந்து வகுப்புகளுக்குத் தாள் 1, ஆறு முதல் எட்டு வரை தாள் 2. ஒவ்வொன்றிலும் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள். தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது.

புதிதாக வேலை தேடும் இளைஞர்களின் தேர்வாக மட்டும் அது இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்போர் பணியில் தொடரலாம். ஆனால் தேர்ச்சி பெறாமல் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. மிஷன் பள்ளிகளாலும் அரசு உதவி பெறும் பள்ளிகளாலும் எழுத்தறிவு வளர்ந்த குமரி மாவட்டத்தில் (2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம்) இந்தக் கேள்வி எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். இருபது ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, வாசிப்புக் கண்ணாடியோடு ஓ.எம்.ஆர். தாளின் முன் உட்காரப் போகிறவர்கள் இவர்கள்.

தேர்வு நாள் எப்படி அமைகிறது என்பது முடிவை எந்த அளவு மாற்றும் என்பதற்கு 2012 சான்று. அவ்வாண்டு ஜூலை 12 அன்று நடந்த தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வில் 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரமே தரப்பட்டது. ஒரு கேள்விக்கு 36 விநாடி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதியதில் 2,448 பேர் மட்டுமே தேறினர். அக்டோபர் 14 அன்று மறுதேர்வு நடந்தபோது கால அளவு மூன்று மணி நேரமாக உயர்த்தப்பட்டது. 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேறினர். இடையில் கிடைத்த மூன்று மாதப் படிப்பும் உதவியிருக்கும். ஆனாலும் இத்தனை பெரிய வேறுபாட்டைப் படிப்பு மட்டுமே தந்திருக்க முடியாது.

இன்று ஒரு கேள்விக்கு 72 விநாடி உண்டு. அதைப் பழக்கத்தில்தான் கைவசப்படுத்த முடியும். கடைசி ஒரு மாதம், விடுமுறை நாட்களிலாவது, காலை 10 மணிக்கு உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழாமல் ஒரு மாதிரித் தாளை முடிப்பது நல்ல பயிற்சி. விடையைக் கேள்வித்தாளில் குறித்துவிட்டு இறுதியில் ஓ.எம்.ஆர். தாளில் மொத்தமாக வட்டமிடும் பழக்கம் ஆபத்தானது. ஒரு கேள்வியைத் தவறவிட்டால் அதன்பின் வரும் எல்லா வட்டங்களும் இடம் மாறிவிடும். பந்துமுனைப் பேனாவில் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எதையும் வெறுமையாக விடத் தேவையில்லை. முந்தைய நாளில் புதிதாக எதையும் படிக்கக் கூடாது. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு பேனாக்கள், கண்ணாடி ஆகியவற்றை எடுத்துவைத்துவிட்டு, முடிந்தால் மையத்தை ஒருமுறை நேரில் பார்த்து வந்து, நேரத்தோடு உறங்குவதே அன்றைய வேலை. தேர்வரின் பங்கு இத்துடன் முடிகிறது.

மறுபாதி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. 2025-இல் தாள் 1 நவம்பர் 15 சனிக்கிழமையும், தாள் 2 மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் நடந்தன. வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி அது. 2021-இல் இதே நவம்பர் இரண்டாம் வாரத்தில் பெய்த கனமழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீர் திறந்தால் குழித்துறைச் சப்பாத்துப் பாலம் மூழ்கிவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததை இம்மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை.

ஆகவே மையங்களை நாகர்கோவிலில் மட்டும் குவிக்காமல் மார்த்தாண்டம், தக்கலை பக்கமும் பிரித்து, வசிக்கும் வட்டத்துக்கு அருகிலுள்ள மையமே கிடைக்கும்படி வாரியத்திடம் மாவட்ட நிர்வாகம் பரிந்துரைக்க வேண்டும். கோதையாற்றிலிருந்தும் நீரோடியிலிருந்தும் வருபவர் விடியுமுன் கிளம்ப வேண்டியவர். அவர் நம்பியிருக்கும் முதல் பஸ் அன்று உறுதியாக ஓடும் என்று அரசுப் போக்குவரத்துக் கழகம் முன்கூட்டியே அறிவித்தால், பாதிப் பதற்றம் அங்கேயே குறையும். ஞாயிறு காலையில் தேவாலயம் செல்வோர் கூட்டமும் அதே பஸ்களில்தான் ஏறும். மழை எச்சரிக்கை இருந்தால், எந்தச் சாலை அடைபட்டுள்ளது, மாற்று வழி எது என்பது முந்தைய நாள் மாலைக்குள் தேர்வரின் கைப்பேசிக்கு வர வேண்டும். வெள்ளம் மறித்ததால் தாமதமாக வந்தவரை வாசலில் திருப்பி அனுப்புவதா என்பதை முடிவெடுக்கும் அதிகாரி யார் என்பதும் முன்பே தெளிவாக வேண்டும். அந்தச் சுமையை வாசல் காவலரின் தலையில் வைப்பது நியாயமில்லை.

அறைக்குள்ளும் கவனிக்க வேண்டியவை உண்டு. கார்மேகம் சூழ்ந்த நவம்பர் காலையில் மின்சாரம் போனால் வகுப்பறை இருண்டுவிடும். மாற்று மின்வசதி உள்ள பள்ளிகளையே மையமாக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் ஐம்பது வயதுக்காரர் மூன்று மணி நேரம் குனிந்து எழுத முடியாது. எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சுவர்க் கடிகாரம் வேண்டும். கோவில் கொடையும் தேவாலயத் திருவிழாவும் மிகுந்த ஊர் இது. மையத்தைச் சுற்றி அந்த மூன்று மணி நேரமும் ஒலிபெருக்கி அமைதியாக இருக்கக் காவல்துறை முன்பே விழாக் குழுவினரிடம் பேசிவிடலாம். மாற்றுத்திறனாளித் தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதை ஒவ்வொரு அறைக் கண்காணிப்பாளரும் அறிந்திருக்க வேண்டும். அதைத் தேர்வரே வாதாடிப் பெறும் நிலை வரக் கூடாது.

எழுத வருவோரில் கைக்குழந்தையின் தாய்மாரும் இருப்பார்கள். குழந்தையோடு பாட்டியோ கணவரோ வெளியே மரத்தடியில் காத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்த மரத்தடியும் இல்லை. வளாகத்துக்குள் கூரையுள்ள ஓர் அறையை அவர்களுக்கென ஒதுக்கினால், தாய் உள்ளே 72 விநாடிகளையும் கேள்விக்கே கொடுக்க முடியும்.