ஜி.ஓ.வைக் கண்ணால் பார்த்தவர் யார்?



"அதுக்கு ஜி.ஓ. வந்துடுச்சாம்ப்பா" என்று கேன்டீனில் யாராவது சொல்லாத நாள் உண்டா? ஸ்காலர்ஷிப்புக்கு ஜி.ஓ., பஸ் பாஸுக்கு ஜி.ஓ., அரியர் எழுத ஜி.ஓ.! எந்தத் துறை, என்ன எண், என்ன தேதி என்று திருப்பிக் கேளுங்கள். "வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்பார்கள். ஜி.ஓ.வைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். கெஜட் என்றாலோ, பெயர் மாற்றுகிற சமாச்சாரம் என்பதோடு நம் ஞானம் முடிந்துவிடுகிறது.

உத்திரமேரூர்க்காரர்களான நமக்கு இது வெட்கக்கேடுதான். ஆட்சி விதிகளை ஊர்ப் பொதுவில் கல்லில் வெட்டி வைத்த ஊர் நம்முடையது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. முதலாவது கி.பி. 919-ஐச் சேர்ந்தது. வாரியத்துக்கு நிற்பவர் 30 வயதுக்கு மேல் 60-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டே வருடத்தில், 921-ல், 35-க்கு மேல் 70-க்குள் என்று திருத்திவிட்டார்கள். பழைய விதியை மட்டும் படித்துவிட்டு 32 வயதுக்காரர் ஒருவர் பெயர் கொடுக்கப் போயிருந்தால் வந்த வழியே திரும்பியிருப்பார்!

அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை. நம்மில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டனுக்கு அதில் இடம் இருந்திருக்காது. ஊர்ப் பெருமை பேசும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் விதியும் திருத்தமும் ஒரே கோயிலில், எந்த ஆட்சியாண்டில் வந்தவை என்ற குறிப்போடு நிற்கின்றன. அந்தச் சுவர் டெல்லி வரை போனதும் ஒரு கதை. தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கையா இக்கல்வெட்டுகளைப் பற்றி எழுதினார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து விவாதம் வந்தபோது டி. பிரகாசம் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பேசினார். சுவர் நடந்து போகாது. அச்சில் ஏறினால்தான் வெளியூர்க்காரன் கைக்குப் போகும்.

சரி, நம் கதைக்கு வருவோம். டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அப்ரண்டிஸாகத்தான் போகப்போகிறோம். 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் பயிற்சியாளரே, தொழிலாளி அல்ல என்கிறது. அதாவது தொழிலாளர் சட்டங்களைக் காட்டி நாம் பொதுவாக எதுவும் கேட்க முடியாது. நமக்குள்ள பிடிமானமே அந்தச் சட்டமும் அதன் விதிகளும்தான். ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது 4-வது பிரிவு. பயிற்சியில் கை கால் அடிபட்டால் முதலாளி தரவேண்டிய நஷ்டஈடு 16-வது பிரிவில் இருக்கிறது. இதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறோமே, சிந்திக்க வேண்டாமா?

ஸ்டைபண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 டிசம்பர் அறிவிக்கைப்படி டிப்ளமோக்காரருக்கு மாதம் 3,542 ரூபாய். 2019 செப்டம்பரில் விதியைத் திருத்திக் குறைந்தபட்சம் 8,000 ஆக்கினார்கள். அதற்கப்புறமும் நம் சீனியர் ஒருவரிடம் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) பழைய ஜெராக்ஸை நீட்டி, "கவர்ன்மெண்ட் ரேட்டே இதுதான் தம்பி" என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். புதிய கெஜட்டின் நகல் ஒன்று பையில் இருந்திருந்தால் பேச்சே வேறு. இதைப் படித்துவிட்டு 8,000-ஐ மனப்பாடம் செய்துகொள்ளவும் வேண்டாம். அதற்குப் பிறகு திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே பேச வேண்டும். 919-ஐப் படித்தவன் 921-ஐயும் தேட வேண்டும்.

"அட போப்பா, அதெல்லாம் வக்கீல் வேலை" என்பீர்கள். சர்வே செயின் பிடிப்பதை விடச் சுலபம். முதலில் மத்திய அரசா, மாநில அரசா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் கெஜட்டில் இரண்டாம் பாகம் முதல் பிரிவில் சட்டங்கள், மூன்றாம் பிரிவில் அமைச்சகங்களின் விதிகளும் அறிவிக்கைகளும். 2015 அக்டோபரிலிருந்து அதைத் தாளில் அச்சடிக்காமல் இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். தமிழக அரசாணைக்கு எண், தேதி, துறை மூன்றும் வேண்டும். துறையை விட்டால் போச்சு, ஏனென்றால் ஒவ்வொரு துறையும் வருடா வருடம் ஒன்றிலிருந்து எண் போடும். கடையில் சட்டப் புத்தகம் வாங்கினால் அட்டையைப் பார்க்காமல் பதிப்பு வருடத்தைப் பாருங்கள். பழைய கெஜட்டுகளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம், 1896-ல் திறந்தது. அதைவிடப் பழைய அரசுக் கோப்புகளுக்கு அதே எழும்பூரில் ஆவணக் காப்பகம். எங்கேயும் அகப்படாவிட்டால் 2005-ம் வருடத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழக அலுவலகமானால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட வேண்டும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதற்காக ஒவ்வொருவரும் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் கல்லூரி நூலகத்தில் சர்வேயிங்குக்கும் தெர்மலுக்கும் புத்தகம் இருக்கிறது, நம்மைப் பற்றிய சட்டத்துக்கு ஒரு தாள் கிடையாது. மாணவர் சங்கம் வரும் ஆண்டில் ஒரு ஃபைல் போடட்டும். அப்ரண்டிஸ் சட்டம், விதிகள், திருத்தங்கள் எல்லாம் தேதிவாரியாக. ஸ்காலர்ஷிப், பஸ் பாஸ் அரசாணைகள் எண்ணோடும் துறையோடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் உட்கார்ந்து புதிதாக வந்ததைச் சேர்க்க வேண்டும். செலவு என்ன ஆகிவிடும்? ஆண்டு விழாவில் இரண்டு பொன்னாடையைக் குறைத்தால் ஜெராக்ஸும் பைண்டிங்கும் முடிந்துவிடும். ஒரு நிபந்தனை மட்டும்: அந்த ஃபைல் பூட்டிய பீரோவுக்குள் போகக் கூடாது, லைப்ரரியன் மேசை மேலேயே இருக்க வேண்டும்.